முன்னால் பாலா இருக்கிறான்

எதிரே மலையிறங்கி வந்த லாரிக்காரர் வேகத்தைக் குறைத்து, கையை வெளியே நீட்டி, "ஆகே பாலா ஹை" என்று சொல்லிவிட்டுப் போனார். 1988 நவம்பர். சோனமார்க்கைத் தாண்டி சோஜி லா கணவாய்க்கு ஏறுகிற ரோடு. என் ஹிந்தி அப்போது அரைகுறை. ஆகே என்றால் முன்னால், ஹை என்றால் இருக்கிறது. பாலா? நம்ம ஊர்ப் பையன் எவனோ முன்னால் போகிற வண்டியில் இருக்கிறான், என் கறுத்த முகத்தைப் பார்த்ததும் இவர் துப்புச் சொல்லிவிட்டுப் போகிறார் என்று நினைத்துக்கொண்டேன். மூன்று மாதமாகத் தமிழில் ஒரு வார்த்தை பேசாதவன் நான். பாலாவை எட்டிப் பிடித்துவிடலாம் என்று ஆக்ஸிலேட்டரை மிதித்தேன்.

பக்கத்தில் இருந்த உஸ்தாத், எனக்கு மலைரோடு பழக்கிய மூத்த டிரைவர், என் தொடையில் ஓங்கி ஓர் அடி வைத்தார்.

பாலா ஆள் இல்லை. இமயமலைப் பக்கத்து ஆட்கள் உறைபனிக்கு வைத்திருக்கிற பெயர் அது. பகலில் உருகி ரோட்டின் குறுக்கே ஓடிய தண்ணீர், வெயில் போனதும் தாரோடு தாராக உறைந்து ஒட்டிக்கொள்ளும். தார்க் கறுப்பு அப்படியே தெரியும், லேசாக ஈரம் பட்ட மாதிரி. வெள்ளையாகக் கிடக்கிற பனியைப் பார்த்து எந்த டிரைவரும் பயப்படுவான். பாலாவைப் பார்த்தால் பயம் வராது, ரோடு கழுவி விட்டதுபோல இருக்கும். அழுத்திச் சொன்னாலும் மெலிதாகச் சொன்னாலும் நமக்கு ஒரே 'ப' தானே, அதனால் வந்த வினை. அன்றைக்கு அந்த அடி மட்டும் விழாமல் இருந்திருந்தால் இந்தக் கட்டுரை எழுத நான் இருந்திருக்க மாட்டேன்.

எனக்கு ஊர் மாப்பிள்ளையூரணி. தூத்துக்குடியிலிருந்து ராமநாதபுரம் ரோட்டில் வடக்கே போனால் நகரம் முடிகிறதா ஊர் தொடங்குகிறதா என்று தெரியாத இடத்தில் இருக்கிறது. கிழக்கே கடல், நடுவில் உப்பளம். அப்பாவும் அம்மாவும் அளத்தில் வேலை பார்த்தவர்கள். தாத்தா சங்கு குளித்தவர். 1961-இல் நடந்த கடைசி முத்துக்குளிப்பிலும் முங்கியவர். அதற்குப் பிறகு இந்தக் கடலில் முத்துக்குளிப்பு நடக்கவே இல்லை; நான் பிறந்தது 1964. பதினைந்து வயதில் உப்பு லாரியில் கிளீனர், இருபதில் டிரைவர். 1987-இல் எல்லைச் சாலை நிறுவனத்துக்கு டிரைவர் எடுக்கிறார்கள் என்று பேப்பரில் பார்த்து மனுப் போட்டேன். சீனா, பாகிஸ்தான் எல்லைகளில் ரோடு போடுவதற்காக 1960 மே மாதம் தொடங்கிய நிறுவனம் அது. அதில் வேலை பார்க்கிற படைக்கு 'கிரெஃப்' என்று பெயர். புனேயில் பயிற்சி. பிறகு காஷ்மீரில் 'பீக்கன்' திட்டத்தில் போட்டார்கள். இருபத்தோரு வருசம் ஓட்டினேன். முதலில் சக்திமான், பிறகு டாடா, கடைசியில் ஸ்டாலியன். ஸ்டாலியன் என்றால் அசோக் லேலண்ட். அத்தனை உயரத்தில் எண்ணூர்க்காரன் வண்டியில் உட்கார்ந்திருக்கிறோம் என்பதில் ஒரு தைரியம்.

முதல் வருசம் அம்மாவுக்கு எழுதிய கடிதத்தில், "இங்கே பனி ரொம்ப அதிகம்" என்று எழுதினேன். அம்மா பக்கத்து வீட்டுப் பிள்ளையிடம் சொல்லிப் பதில் போட்டாள்: "பனியில தலைய நனைக்காத, காதுல பஞ்சு வச்சுக்க." நம்மிடம் இருப்பது ஒரே சொல். மார்கழிக் காலையில் வாழையிலையில் நிற்பதும் பனி, ஆளை மூடுகிற மூட்டமும் பனி, வானத்திலிருந்து பஞ்சாக விழுவதும் பனி, கல்லாக இறுகிக் கிடப்பதும் பனி. அந்த ரோட்டில் வண்டி ஓட்டுகிறவனுக்கு இந்த ஒரு சொல் போதாது. இப்போது விழுந்த பனி வேறு, நேற்று விழுந்து சக்கரம் ஏறி அமுங்கிய பனி வேறு, வெயில் பட்டுக் கூழான பனி வேறு, பாலா வேறு. ஒவ்வொன்றிலும் டயர் ஒவ்வொரு விதமாக நடந்துகொள்ளும்.

ஸ்ரீநகரிலிருந்து லே வரைக்கும் 434 கிலோமீட்டர். அதில் சோஜி லா 11,575 அடி உயரம். அதைவிட உயரமான கணவாய்கள் அதே ரோட்டில் பின்னால் வருகின்றன. நமிகா லா, 13,479 அடியில் ஃபோட்டு லா. ஆனாலும் டிரைவர்கள் சாமி கும்பிடுவது சோஜி லாவுக்குத்தான். காஷ்மீர்ப் பக்கத்து ஈரக்காற்று அத்தனையும் அந்தச் சுவரில் மோதிக் கொட்டிவிடும். என் காலத்தில் நவம்பர் கடைசியில் மூடினால் ஏப்ரல், மே வரை திறக்காது. இப்போது இயந்திரங்கள் நிறைய வந்துவிட்டன. 2025-இல் முப்பத்திரண்டே நாளில் திறந்துவிட்டார்கள். சுரங்கப்பாதையும் குடைந்துகொண்டிருக்கிறார்கள். அது முடிந்தால் என் அனுபவத்தில் பாதி செல்லாக் காசு. சந்தோஷம்தான்.

கணவாய் மூடியபின் டிரைவருக்கு ஓய்வு என்று நினைக்க வேண்டாம். அந்தப் பக்கம் திராஸ், கார்கில், லே ஊர்களுக்கு இடையில் குளிர்காலம் முழுக்க வண்டி ஓடியாக வேண்டும். இந்தப் பக்கம் ஜம்மு ரோட்டில் பனிஹால். வசந்தத்தில் பனி வெட்டும்போது புல்டோசருக்குப் பின்னால் டீசல் பீப்பாயோடு போக வேண்டும். வெட்டி முடித்த ரோட்டின் இரண்டு பக்கமும் இருபது, இருபத்தைந்து அடிக்குச் சுவர். பகலில் அந்தச் சுவர் அழும். சாயந்தரம் அழுத தண்ணீர் எல்லாம் பாலா.

என் உஸ்தாத் ஹிமாச்சலில் சம்பா பக்கத்துக்காரர். படிப்பு கிடையாது. பீடி நிறைய. காலையில் கிளம்புமுன் அவர் செய்கிறதை முதல் மாதம் வேடிக்கையாகப் பார்த்தேன். கான்வாய் கிளம்புமுன் போக்குவரத்துச் சாவடியில் ரோடு நிலவரம் சொல்வார்கள். மணாலியில் இருந்த பனிச்சரிவு ஆராய்ச்சி நிலையத்தின் எச்சரிக்கையும் வயர்லெஸ்ஸில் வந்துவிடும். ரேடியோ செய்தியில் ஜம்மு ரோடு திறந்திருக்கிறதா மூடியிருக்கிறதா என்று சொல்வார்கள். உஸ்தாத் அத்தனையும் கேட்டுத் தலையாட்டுவார். பிறகு நேராகப் போய், மேலேயிருந்து இறங்கி வந்து டீ குடிக்கிற டிரைவர் பக்கத்தில் உட்காருவார். "எத்தனை மணிக்கு அந்த வளைவைத் தாண்டினாய்?" என்பதுதான் முதல் கேள்வி. ரோடு எப்படி என்று கேட்கவே மாட்டார். அவன் டயரைப் பார்ப்பார். செயினில் சிக்கியிருக்கிற பனி மண் கலந்ததா, வெள்ளையா? மட்கார்டில் தொங்குகிறது கூழா, கட்டியா? அதற்கும் பிறகு, வண்டியை எடுத்து, முதல் நிழல் வளைவுக்கு நூறு அடி முன்னால் நிறுத்தி, இறங்கி நடப்பார். குதிகாலால் ரோட்டை ஓங்கிக் குத்துவார். சாவடியில் கேட்டது காலை நேரத்து ரோடு, டீக்கடையில் கேட்டது ஒரு மணி நேரத்துக்கு முந்திய ரோடு, குதிகாலுக்குக் கீழே இருப்பதுதான் இப்போதைய ரோடு என்று அவருடைய கணக்கு. அவர் இதை வாயால் ஒருநாளும் சொன்னதில்லை. ஐந்தாறு வருசம் கழித்து நானே அப்படி இறங்கி நடந்துகொண்டிருந்தபோதுதான் எனக்குப் புரிந்தது.

இந்தக் குதிகால் வித்தையில் எனக்கு ஒரு சலுகை இருந்தது. கடுங்குளிரில், மைனஸ் பத்துக்கும் கீழே போனால், பனி காலடியில் 'நறுக் நறுக்' என்று சத்தம் போடும். உப்பு அம்பாரத்தில் வெறுங்காலோடு ஏறி இறங்கியவனுக்கு அந்தச் சத்தம் பிறந்ததிலிருந்தே தெரியும். நன்றாகக் காய்ந்த உப்பு நறநறக்கும், ஈர உப்பு வாயைத் திறக்காது. பனியும் அதேதான். நறநறத்தால் டயருக்குப் பிடிமானம் உண்டு. சத்தம் போடாத பனி, அதாவது உருகுகிற நிலைக்குப் பக்கத்தில் இருக்கிற பனிதான் வழுக்கும். கேட்கிறவர்கள் நம்ப மாட்டார்கள்: மைனஸ் இருபதில் இறுகிக் கிடக்கிற பனியில் லாரி ஓட்டுவது, பூஜ்யத்தை ஒட்டிய பனியில் ஓட்டுவதைவிட லேசு. மேலே மெல்லிய தண்ணீர்ப் படலம் இருந்தால் முடிந்தது கதை. அதனால்தான் கணவாயை விடியலில் தாண்டச் சொல்வார்கள். ராத்திரி இறுகிய பனி அப்போது பிடித்துக்கொள்ளும். மேலே சரிவில் தொங்குகிற பனியும் வெயில் ஏறுகிற வரை அசையாது.

வெள்ளைக் கூச்சத்துக்கும் நான் புதியவன் இல்லை. அளத்தில் உச்சி வெயிலில் உப்பு வாரினால் கண் எரிந்து நீர் கொட்டும். அம்மா முந்தானையை நெற்றிக்குக் கீழே இழுத்துவிட்டுக்கொண்டு வேலை பார்ப்பாள். பனியில் கறுப்புக் கண்ணாடி போடாத பஞ்சாபி டிரைவர் ஒருவர் சாயந்தரம் கண்ணில் மணல் விழுந்ததுபோலத் துடித்ததைப் பார்த்திருக்கிறேன். நான் முதல் நாளே போட்டுக்கொண்டேன்.

இனி செயின். 'நான் ஸ்கிட் செயின்' என்போம். இரும்புச் சங்கிலியில் ஏணி மாதிரி பின்னியது. ரோட்டில் விரித்து, வண்டியை மெல்ல அதன்மேல் ஏற்றி, டயரைச் சுற்றி இழுத்துக் கொக்கி போட வேண்டும். கையுறையோடு கொக்கி மாட்டாது. கையுறையைக் கழற்றினால் இரும்பு விரல் தோலைப் பிடித்துக்கொள்ளும். இரண்டு பேர் சேர்ந்தாலும் இருபது நிமிசம். அரைக் கிலோமீட்டர் போய் இறங்கி மறுபடி இழுத்துக் கட்ட வேண்டும், இல்லாவிட்டால் தளர்ந்து பிரேக் ஹோஸை அறுத்துவிடும். வெறும் தார் வந்ததும் கழற்ற வேண்டும், அல்லது செயின் அறுந்துவிடும். பத்து கிலோமீட்டர் தார், இரண்டு கிலோமீட்டர் பனி, மறுபடி தார் என்று வருகிற ரோட்டில் இந்த வேலையைச் செய்து பார்த்தவனுக்குத்தான் டிரைவர்கள் ஏன் சோம்பல் படுகிறார்கள் என்று தெரியும்.

நானும் பட்டேன். நான்காவது குளிர்காலம், நமிகா லாவிலிருந்து கார்கில் பக்கம் இறங்குகிறேன். பின்னால் மண்ணெண்ணெய் பீப்பாய்கள். மேலே செயின் போட்டு வந்தவன், தார் தெளிந்ததும் கழற்றிப் பெட்டியில் போட்டேன். ஆறேழு கிலோமீட்டர் ரோடு காய்ந்து கிடந்தது. ஒரு வளைவு, வடக்கே பார்த்த சரிவு, வெயிலே படாத இடம். இறங்கிப் பார்க்க வேண்டும் என்று மனசு சொன்னது. கால் விறைத்திருந்தது, ஹீட்டர் கிடையாது, மணி நாலு தாண்டிவிட்டது. இறங்கவில்லை. வளைவின் பாதியில் ஸ்டீயரிங் லேசாகிவிட்டது. பாலாவில் ஓட்டியவர்கள் எல்லோரும் இந்த லேசைச் சொல்வார்கள்: கையில் வண்டியின் கனமே தெரியாது, யாரோ முன் சக்கரத்தைக் கழற்றிக்கொண்டு போன மாதிரி.

நம்ம ஊர் டிரைவிங்கில் பாதி ஹாரன், பாதி பிரேக். என் வலது கால் தானாகப் பிரேக்கைத் தேடிப் போனது, தொட்டும் விட்டது. பின்பக்கம் பள்ளத்துப் பக்கமாகத் திரும்பியது. பிறகு செய்ததெல்லாம் உஸ்தாத் என் தொடையில் அடித்து அடித்துப் புகட்டியது. பிரேக்கை விட்டேன். கிளட்சைத் தொடவில்லை. வால் எந்தப் பக்கம் போகிறதோ அந்தப் பக்கமே ஸ்டீயரிங்கைக் கொஞ்சம் திருப்பினேன். வால் நேரானது, ஆனால் வண்டி நிற்கவில்லை. அடுத்து அவர் சொல்லிக்கொடுத்த கடைசிப் பாடம்: இடிப்பது என்று ஆகிவிட்டால் மலையில் இடி. மெதுவாக மலைப்பக்க வாய்க்காலில் சக்கரத்தை இறக்கிப் பாறையில் உரசவிட்டேன். மட்கார்டு போனது, ஒரு ஹெட்லைட் போனது, என் முன்பல் ஒன்று போனது. பீப்பாய் ஒன்றுகூட உருளவில்லை. விபத்து அறிக்கையில், 'செயின் வண்டியில் இருந்தது, சக்கரத்தில் இல்லை' என்று உள்ளதை எழுதிக் கையெழுத்துப் போட்டேன். வேறு என்ன எழுத?

பிரிட்டனின் சாலைவிதிப் புத்தகத்தில், பனிக்கட்டி படிந்த ரோட்டில் வண்டி நிற்பதற்குக் காய்ந்த ரோட்டைப்போல் பத்து மடங்கு தூரம்கூட ஆகலாம் என்று போட்டிருக்கிறார்கள். பத்து மடங்கு என்பதைப் படித்தால் யாருக்கும் உறைக்காது. முன்னால் போகிற லாரிக்கும் நமக்கும் நடுவில் ஒரு கால்பந்து மைதானம் இருக்க வேண்டும் என்று நான் பயல்களுக்குச் சொல்வேன். "அவ்வளவு இடம் விட்டா எவனாவது நடுவுல பூந்துருவானே அண்ணாச்சி" என்பார்கள். பூந்தால் இன்னொரு மைதானம் பின்வாங்கு.

குளிரில் பாதி வேலை வண்டி நிற்கும்போதுதான். என் முதல் குளிர்காலத்தில், கார்கிலில் ஒருநாள் ரேடியேட்டர் தண்ணீரை இறக்காமல் படுத்துவிட்டேன். தண்ணீர் உறைந்தால் ஏறக்குறைய பத்தில் ஒரு பங்கு பருக்கும் என்பது கடற்கரையில் வளர்ந்தவனுக்குத் தெரியாது. காலையில் ரேடியேட்டர் வெள்ளரிப்பழம் மாதிரி வெடித்திருந்தது. ஹேண்ட் பிரேக் போட்டு நிறுத்தினால் ஈரமான பிரேக் ஷூ டிரம்மோடு ஒட்டி உறைந்துவிடும். கியரில் போட்டுச் சக்கரத்துக்குக் கட்டை கொடுத்துவிட்டுத்தான் படுக்க வேண்டும். ஏர் டேங்கில் சேர்ந்த தண்ணீரை ராத்திரியே திறந்துவிட வேண்டும். அது குழாயில் உறைந்தால் பிரேக் என்று ஒன்று கிடையாது. டீசல் மெழுகாகிவிடும். நாங்கள் மண்ணெண்ணெய் கலப்போம், தகரத்தில் நெருப்புக் கங்கு அள்ளி டேங்குக்கு அடியில் வைப்போம். இப்போது நினைத்தால் ஈரக்குலை நடுங்குகிறது. மைனஸ் 33 வரை உறையாத குளிர்கால டீசலை இந்தியன் ஆயில் லடாக்குக்கு 2019 நவம்பரில்தான் கொண்டுவந்தது. நான் அதற்கு முன்பே ஊர் வந்துவிட்டேன்.

இன்னொன்றைக் கொஞ்சம் அழுத்திச் சொல்ல வேண்டும். இப்போது தென்மாவட்டத்திலிருந்துகூட வேன் பிடித்து மணாலி, குல்மார்க் என்று போகிறார்கள். பனியில் வண்டி மாட்டிக்கொண்டால் கண்ணாடியை ஏற்றிவிட்டு, ஹீட்டருக்காக இன்ஜினை ஓடவிட்டுத் தூங்கிவிடாதீர்கள். பனி சைலன்சர் வாயை மூடிவிட்டால் புகை உள்ளே வரும். அதில் ஆளைக் கொல்கிற வாயுவுக்கு மணம் கிடையாது. 2022 ஜனவரியில் பாகிஸ்தானின் மர்ரீ மலையில் இப்படி வரிசையாக நின்ற வண்டிகளுக்குள் இருபதுக்கும் மேற்பட்டவர்கள் செத்துப்போனார்கள், அதில் குழந்தைகளும் உண்டு. மண்வெட்டி ஒன்று வண்டியில் இருக்கட்டும். முதலில் சைலன்சரைச் சுற்றித் தோண்டு. அரை மணிக்கு ஒருமுறை பத்து நிமிசம் இன்ஜின் ஓடினால் போதும், ஒரு கண்ணாடி இரண்டு விரல் இறங்கியிருக்க வேண்டும்.

பனிச்சரிவு பற்றி எழுதினால் தனிக்கதை. சரிவுப் பாதையில் ஹாரன் அடிக்கக் கூடாது, சத்தத்தில் பனி பெயர்ந்துவிடும் என்று எங்களுக்கு ஒரு நம்பிக்கை. சத்தத்தால் சரிவு வராது, பெரும்பாலும் புதுப்பனியின் பாரத்தாலும் வெயிலாலும் காற்றாலும்தான் வருகிறது என்று ஆராய்ச்சிக்காரர்கள் சொல்வதைப் பிற்காலத்தில் படித்தேன். படித்த பிறகும் அந்த இடத்தில் என் கை ஹாரனுக்குப் போனதில்லை. அங்கே ஒரு வண்டி தாண்டிய பிறகே அடுத்த வண்டி போகும், நடுவில் எதற்காகவும் நிற்கக் கூடாது என்பது மட்டும் நம்பிக்கை இல்லை, விதி. கார்கில் போர் நடந்த 1999-ஐப் பற்றியும் கேட்பார்கள். அது கோடைகாலம், விளக்கை அணைத்து ராத்திரியில் ஓட்டினோம். அதற்கு மேல் எழுத விருப்பமில்லை.

உப்புக்கு வருகிறேன். பனிஹால் பக்கம் ரோட்டில் உப்புத் தூவுவதை முதல்முறை பார்த்தபோது வண்டியை நிறுத்திவிட்டேன். ஒரு மூட்டைக்காக அம்மா எத்தனை தடவை குனிந்து நிமிர வேண்டும் என்று எனக்குத் தெரியும். இங்கே மண்வெட்டியால் அள்ளி ரோட்டில் எறிகிறார்கள். உஸ்தாத் விளக்கினார்: உப்புத் தண்ணீர் சீக்கிரம் உறையாது, அதனால் பனி இளகிவிடும். "அப்படியானால் திராஸில் ஏன் போடவில்லை?" என்றேன். "அங்கே உப்பும் குளிரில் செத்துவிடும்" என்றார். சரியாகத்தான் சொல்லியிருக்கிறார். மைனஸ் எட்டு, ஒன்பதுக்குக் கீழே போனால் உப்பு சோம்பிவிடும். நூற்றுக்கு இருபத்துமூன்று பங்கு உப்புக் கரைந்த தண்ணீர்தான் கடைசி வரை தாக்குப்பிடிப்பது, அதுவும் மைனஸ் 21-இல் உறைந்துவிடும். இந்த இருபத்துமூன்றைப் படித்தபோது சிரித்துக்கொண்டேன். அளத்தில் தண்ணீரின் உப்புக் காரம் இருபத்துநாலு டிகிரி ஏறியதும் பாத்திக்கு விடுவார் அப்பா. ஏறக்குறைய அதே காரம்தான். திராஸில் ராத்திரி மைனஸ் 25 சாதாரணம். அங்கே மணலும் சரளையும்தான் கதி. உப்பளத்துக்காரன் மகன் உப்பு செல்லாத ஊரில் போய்ப் பதினைந்து குளிர்காலம் சம்பாதித்திருக்கிறேன்.

2008-இல் விருப்ப ஓய்வு வாங்கிக்கொண்டு வந்து மறுபடி உப்பு லாரி, பிறகு துறைமுகத்துக் கன்டெய்னர் டிரெய்லர். இப்போது ஒரு லாரி செட்டில் பயல்களை மேய்க்கிறேன். இங்கே பனி கிடையாது, பாலா உண்டு. ஈர உப்பு ஏற்றிய லாரி சொட்டிக்கொண்டே போன தடத்தில் பைக்கில் போகிறவன் சறுக்கி விழுவதைத் தினம் பார்க்கலாம். ஐப்பசியில் முதல் மழையின் முதல் கால் மணி நேரம், ஆறு மாதத்துத் தூசியும் எண்ணெயும் மிதந்து வந்து தாரை வெண்ணெயாக்கிவிடும். நன்றாகக் கொட்டிக் கழுவிவிட்டால் பயமில்லை. பயல்கள் கொட்டுகிற மழையில் மெதுவாக ஓட்டுவார்கள், தூறலில் பறப்பார்கள். தலைகீழ்.

2023 டிசம்பர் 17, ஞாயிற்றுக்கிழமை. விடாத மழை. அந்த ஒரு நாளில் காயல்பட்டினத்தில் 95 சென்டிமீட்டர் கொட்டியது என்று பின்னால் கணக்குச் சொன்னார்கள். சாயந்தரம் ஒரு டிரெய்லர் திருநெல்வேலிப் பக்கம் போக வேண்டும் என்று நெருக்கினார்கள். விளாத்திகுளத்துப் பையன், சாவியோடு நிற்கிறான்.

"அண்ணாச்சி, ரோடு ஓடுதுன்னு வாட்ஸப்ல வீடியோ வந்திருக்கு."

"எப்ப எடுத்ததுல அது?"

"காலைல ஏழு மணிக்கு."

"இப்ப மணி என்ன?"

பதில் இல்லை. என் சைக்கிளை எடுத்துக்கொண்டு இரண்டு பேரும் போனோம், கொஞ்ச தூரம் ஓட்டி, பிறகு உருட்டி. ரோட்டில் தண்ணீர் குறுக்கே ஓடிக்கொண்டிருந்தது, முழங்காலுக்கும் கீழேதான். "டிரெய்லர் போயிரும் அண்ணாச்சி" என்றான். உயரத்தைப் பார்த்தால் போகும்தான். ஒரு கம்பை ஒடித்து, தரையைக் குத்திக் குத்தி நடந்தேன். நாற்பதடி வரை டக் டக் என்றது. பிறகு கம்பு சத்தமில்லாமல் இறங்கியது. தண்ணீருக்கு மேலே பார்த்தால் ரோடு நேராகப் போகிற மாதிரியே இருந்தது. கீழே மண்ணை அரித்துக்கொண்டு போய்விட்டது. பையன் என் சட்டையைப் பிடித்துப் பின்னால் இழுத்தான்.

மறுநாள்தான் ஸ்ரீவைகுண்டம் செய்தி வந்தது. திருச்செந்தூரிலிருந்து கிளம்பிய ரயில் நூற்றுக்கணக்கான ஜனங்களோடு அங்கே நிற்கிறது. அதைத் தாண்டி, தண்டவாளத்துக்குக் கீழே ஜல்லி, மண் எல்லாம் போய், இரும்பு மட்டும் அந்தரத்தில் தொங்குகிறது. அந்தப் படத்தைப் பார்த்து ரொம்ப நேரம் உட்கார்ந்திருந்தேன். சோஜி லாவில் ஓடைக்கு மேலே பனி பாலம்போலப் படிந்திருக்கும். மேலே வெள்ளையாக, உறுதியாகத் தெரியும், அடியில் தண்ணீர் குடைந்துகொண்டே இருக்கும். அங்கேயும் கம்புதான்.

தாத்தா கடலுக்குப் போகுமுன் கரையில் நின்று தண்ணீரையே பார்த்துக்கொண்டிருப்பாராம். கலங்கலா தெளிவா, வாடையா கொண்டலா என்று பார்த்துவிட்டு, பிடிக்கவில்லை என்றால் ஒரு வார்த்தை சொல்லாமல் வீட்டுக்கு வந்து படுத்துக்கொள்வாராம். அப்பத்தா இதைக் குறையாகத்தான் சொல்வாள்.

என் அக்கா மகன் டொரொன்டோவில் இருக்கிறான். வேலைக்காக மொன்ட்ரியல் வரை அடிக்கடி கார் ஓட்டுகிறான். மொன்ட்ரியல் இருக்கிற கியூபெக் மாகாணத்தில் டிசம்பர் ஒன்றிலிருந்து மார்ச் பதினைந்து வரை காருக்குக் குளிர்கால டயர் கட்டாயம் என்று சொன்னான். ஏழு டிகிரிக்குக் கீழே சாதாரண டயர் ரப்பர் இறுகிவிடும், அது இறுகாதாம். ரோட்டு நிலவரத்துக்கு 511 என்று ஒரு சேவை இருக்கிறதாம், போனிலேயே பார்க்கலாம். கனடாவில் குளிர்காலத்துக்கு ரோட்டில் கொட்டுகிற உப்பு வருசத்துக்கு ஏறக்குறைய 50 லட்சம் டன் என்று அவன் சொன்னபோது நான் திரும்பக் கேட்டுக்கொண்டேன். தமிழ்நாடு முழுக்க ஒரு வருசம் வாருகிற உப்பைவிட அதிகம்.

போன ஜனவரியில் ஒருநாள் காலை ஆறரை மணிக்கு வீடியோவில் கூப்பிட்டான். அங்கே ராத்திரி எட்டு. கிங்ஸ்டனுக்கு முன்னால், 401 நெடுஞ்சாலை ஓரத்து ஓய்விடத்தில் நிற்கிறான். பகலில் பனி உருகி, பொழுது இறங்கியதும் குளிர் கூடியிருக்கிறது.

"511 பாத்தியா?"

"கிளம்பும்போதே பாத்தேன் மாமா. ரோடு நல்லாத்தான் இருக்கு. வெறும் ஈரம்தான், இந்தா பாருங்க."

போனைத் திருப்பிக் காட்டினான். விளக்கு வெளிச்சத்தில் ரோடு கறுப்பாகப் பளபளத்தது. நன்றாகக் கழுவிவிட்ட மாதிரி.

"போற வண்டியோட பின் டயரக் காட்டுல."

"எதுக்கு மாமா?"

"காட்டு. தண்ணி தெறிக்கான்னு பாரு."

ஒரு லாரி போனது. ஒரு கார். பின்னால் இன்னொரு லாரி. நானும் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பார்த்தேன். அவ்வளவு ஈரமான ரோட்டில் ஒரு சொட்டு மேலே எழும்பவில்லை.

"தெறிக்கல மாமா."

"அப்போ பாலா வந்துட்டான். உள்ள போயி ஒரு காப்பி வாங்கிக் குடி, உப்பு வண்டி வரட்டும்."

"பாலாவா? யாரு மாமா அது?"